விலக்கப்பட்ட வேகம்

வீதியோரத்தில் நாட்டப்பெறும் வேகவரைப் பலகை, மொழியறியாதாரும் அறிந்துகொள்ளத்தக்க குறிகளுள் ஒன்றாகும். வெண்ணிற வட்டம், அதனைச் சூழச் செந்நிற வளையம், நடுவே ஓரெண். அவ்வெண்ணின் மேற்படாது செல்க என்பது பொருள். நீலநிற வட்டத்துள் வெண்ணிறத்தில் எண் பொறிக்கப்பெறின், அவ்வேகத்திற் குறையாது செல்க என்பது பொருள். வீதிக் குறிகள் பற்றி 1968ஆம் ஆண்டில் வியன்னா நகரில் உருவான சருவதேச உடன்படிக்கை இவ்விரு குறிகளையும் வகுத்துரைத்தது. ஒன்று மேலெல்லை கூறுவது; மற்றது கீழெல்லை கூறுவது. இரண்டிலும் எல்லைக்கு ஒரு புறத்தேயுள்ள வேகங்கள் யாவும் ஆகும். மறுபுறத்தேயுள்ளவை யாவும் ஆகா. இவ்வளவில் யாருக்கும் ஐயம் எழுதற்கிடமில்லை. ஆனால், மெல்லவும் செல்லலாம், விரைந்தும் செல்லலாம், இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில் மட்டுஞ் செல்லலாகாது என விதிக்கும் வீதிகளும் உலகில் உண்டு. முதன்முறை கேட்போர் இதனை விடுகதையென்றே கொள்வர். இவ்விதி தோன்றிய காரணமோ பௌதிக நூலுக்குள்ளே ஆழ்ந்து கிடப்பது. அதனை நுண்ணிதின் ஆராய்ந்தவர்களுட் சிலர் பசியாற் செத்துக்கொண்டிருந்த ஒரு நகரத்தில் இருந்தவர்கள்.

விந்தையான வேகவரைப் பலகைகள் யாவும் இத்தகைய ஆழமுடையன என்று எண்ணிவிடலாகாது. ஐக்கிய அமெரிக்காவிற் பொதுவீதிகளின் வேகவரை ஐந்து மைலின் மடங்காகவே எழுதப்படுதல் வேண்டும் என்பது அந்நாட்டு வீதிக்குறிக் கையேட்டின் விதி. ஆயினும் அங்கே தென்னசி மாநிலத்திலுள்ள திரென்றன் என்னும் சிற்றூரில் மணிக்கு 31 மைல் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். விஸ்கொன்சின் மாநிலத்து ஔட்டகேமி மாவட்டத்தின் கழிவுப்பொருள் நிலையம் ஒன்றில் 17.3 மைல் என்று எழுதப்பட்ட பலகை 2025ஆம் ஆண்டிற் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. எந்த வண்டியின் வேகமானியிலும் 17.3 என்பதற்குக் கோடு கிடையாது. அதனை நாட்டியவர்களும் அவ்வேகத்தை எவரேனும் அளந்து செல்வர் என்று எண்ணி நாட்டவில்லை. நாள்தோறும் காணும் எண் கண்ணிற் படினும் கருத்திற் படுவதில்லை. காணாத எண்ணைக் கண்டால் வண்டியோட்டி ஒருகணம் திடுக்கிட்டுத் தன் வேகத்தை நோக்குவான். இதுவே அதன் பயன். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா முதலியவற்றின் உள்வீதிகளில் 8½, 14, 19 என எழுதுவதும் இக்கருத்துப் பற்றியே. இவ்வுபாயம் புதுமை உள்ளவரையே பயன்தரும் என்பதில் ஐயமில்லை. ஊரெங்கும் 17.3 என எழுதப்படின் அதுவும் இருபதைப்போலப் பழகிப்போகும்.

இவ்வெண்களை மனிதர் தம் விருப்பின்படியே கூட்டலாம், குறைக்கலாம். இங்கிலாந்தில் 1861ஆம் ஆண்டுச் சட்டம் நீராவி வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்குப் பத்து மைலும் நகரத்தில் ஐந்து மைலும் அனுமதித்தது. நான்காண்டுகளின் பின் 1865ஆம் ஆண்டில் அவை நான்கும் இரண்டுமாகக் குறைக்கப்பட்டன. செங்கொடி தாங்கிய ஒருவன் அறுபது யார் முன்னே நடத்தல் வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டது. 1896ஆம் ஆண்டில் எல்லை பதினான்கு மைலாயிற்று. வீதியும் மாறவில்லை, இயற்கை விதியும் மாறவில்லை. சட்டஞ் செய்தோரின் மனமே மாறியது. முன்னர்க் குறித்த வீதியின் எண்களோ அத்தகையனவல்ல. அவை நீரின் ஆழத்தையும் பனிக்கட்டியின் தடிப்பையும் பற்றி நிற்பன.

அவ்வீதி எஸ்தோனியா நாட்டிலுள்ளது. போல்ற்றிக் கடலின் கீழ்க்கரையில் அமைந்த அச்சிறு நாட்டின் மேற்கே ஹீயுமா, சாரெமா, மூகு, வோர்ம்சி முதலிய தீவுகள் பல உண்டு. தலைநிலத்துக்கும் தீவுகளுக்கும் இடையேயுள்ள கடல் பெரும்பாலும் பத்து மீற்றருக்கு மேற்படாத ஆழமுடையது, உவர்ப்பும் குறைந்தது. ஆதலின் கடுங்குளிர் காலத்தில் அஃது உறைந்து பாளமாகிவிடும். மற்றைக் காலங்களிற் கப்பலேறிச் செல்லும் மக்கள் அப்போது மோட்டார் வண்டியிலேயே கடலைக் கடப்பர். தலைநிலத்து ரொகுகூலாத் துறையிலிருந்து ஹீயுமாவின் ஹெல்ற்றர்மாத் துறை வரையுள்ள பனிக்கட்டிப் பாதை ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமானது. ஐரோப்பாவில் இவ்வகைப் பாதைகளுள் அதுவே நெடியது. எல்லா ஆண்டுகளிலும் அது திறக்கப்படுவதில்லை. குளிர் போதாத ஆண்டுகள் பல. திறந்த ஆண்டுகளிலும் சில நாள்களோ சில வாரங்களோ தான்.

பாதை திறக்கப்படும்போது அதற்குரிய விதிகளும் அறிவிக்கப்படும். பகல் வெளிச்சத்தில் மட்டுமே செல்லல் வேண்டும். வண்டியின் நிறை இரண்டு அல்லது இரண்டரைத் தொன்னுக்கு மேற்படலாகாது. முன்செல்லும் வண்டிக்கும் பின்வரும் வண்டிக்கும் இடையே 250 மீற்றர் இடைவெளி வேண்டும். முந்திச் செல்லலாகாது, இடையிலே நிற்றலும் ஆகாது. ஏனை வீதிகளில் ஆசனப்பட்டியைக் கட்டாதவனுக்குத் தண்டம். இவ்வீதியிலோ அதனைக் கட்டலாகாது. வண்டி நீருள் அமிழ நேரின் கதவைத் திறந்து பாய்வதற்குக் கட்டு இடையூறாகும் என்பதே காரணம். இவற்றுக்கெல்லாம் மேலாக வேகவிதி: மணிக்கு 25 கிலோமீற்றருக்குக் குறைவாகச் செல்லலாம், 40 முதல் 70 வரை செல்லலாம், 25க்கும் 40க்கும் இடையே செல்லலாகாது.

பனிக்கட்டியை மரத்தூளிற் பொதிந்து மீன்வண்டியில் வரும் பொருளாக மட்டுமே கண்டறிந்த வெப்பநாட்டார்க்கு, கடலின்மேல் வண்டி ஓடுவதே வியப்பு. அவ்வாறிருக்க, மெல்லச் சென்றாற் பிழைக்கும் வண்டி சற்று விரைந்தால் ஏன் ஆபத்தை எய்தல் வேண்டும்? மேலும் விரைந்தால் அவ்வாபத்து எங்ஙனம் நீங்கும்? இவற்றை அறிதற்குப் பனிக்கட்டி சுமையை எவ்வாறு தாங்குகின்றது என்பதனை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

பாலம் இரு கரைகளிலும் ஊன்றி நின்று சுமையைத் தாங்குகிறது. பனித்தளத்தின் நிலை வேறு. அது நீரின்மேல் மிதப்பது. அதன்மீது ஒரு வண்டி நின்றால் அவ்விடம் சிறிது கீழே வளையும். வளைவு வண்டியின் அடியில் மட்டும் அமைவதன்று. சுற்றிலும் பல மீற்றர் தூரம் பரந்து, அகன்ற ஆழமற்ற தாம்பாளம் போல அமையும். அத்தாம்பாளம் இடம்பெயர்த்த நீரின் நிறை எவ்வளவோ அவ்வளவே வண்டியின் நிறை. ஆகவே வண்டியைத் தாங்குவது உண்மையில் நீரே. பனிக்கட்டி தன் வளைவினால் வண்டிக்கு ஒரு தோணியைச் செய்து கொடுக்கிறது எனலாம். மின்காந்த அலைகளைக் கண்டறிந்து புகழ்பெற்ற ஹைன்ரிக் ஹேர்ட்ஸ் என்னும் ஜேர்மானியப் பௌதிக அறிஞர் 1884ஆம் ஆண்டிலேயே இதனைக் கணித முறையில் ஆராய்ந்து எழுதினார். வளைவு மிகுமாயின் தளத்தின் அடிப்பக்கம் இழுவையுற்றுப் பிளக்கும். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் லோர்ன் கோல்ட் என்பவர், நிகழ்ந்த விபத்துகளையும் நிகழாது கடந்தவற்றையும் திரட்டி ஆராய்ந்து, தாங்கக்கூடிய நிறை தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகும் என 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார். தடிப்பு இரட்டித்தாற் சுமை நான்கு மடங்காகலாம் என்பது கருத்து. பனிக்கட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. நெடுநேரம் சுமை நின்றால் அது மெல்ல மெல்லத் தளர்ந்து தாழ்ந்துகொண்டே போகும். இடையில் நிற்கலாகாது என்னும் விதி இது பற்றியதே.

நிற்கும் வண்டியின் கதை இது. இனி அவ்வண்டி ஓடத் தொடங்குமாயின் தாம்பாளமும் அதனுடன் ஓடல் வேண்டும். முன்னேயுள்ள தளம் தாழவும் பின்னேயுள்ளது எழவும் வேண்டும். அதற்கேற்ப அடியிலுள்ள நீரும் விலகிக் கொடுத்து மீண்டும் வந்து கூடல் வேண்டும். வண்டி மெல்லச் சென்றால் நீருக்கு வேண்டிய அவகாசம் உண்டு. தாம்பாளம் வடிவு மாறாமல் வண்டியைப் பின்பற்றும். ஆனால் நீரின் அசைவுக்கும் ஒரு வேகம் உண்டு. ஆழமற்ற நீரில் நீண்ட அலை ஒன்று செல்லும் வேகத்தை ஆழத்தினின்றும் கணித்தறியலாம். ஆழத்தை மீற்றரிற் கொண்டு 9.8 ஆற் பெருக்கி வர்க்கமூலங் காணின், அலை செக்கனுக்கு எத்தனை மீற்றர் செல்லும் என்பது பெறப்படும். ஐந்து மீற்றர் ஆழத்துக்கு இக்கணக்கைச் செய்க: பெருக்கம் 49, மூலம் 7, மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர். பன்னிரண்டரை மீற்றர் ஆழத்துக்குச் செய்யின் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். எஸ்தோனியப் பாதையில் விலக்கப்பட்ட வேகத்தின் இரு எல்லைகளும் இவையே என்பது நோக்கத்தக்கது. ஆழமிக்க நீரில் இக்கணக்குச் செல்லாது. அங்கே பனித்தளத்தின் விறைப்பும் சேர்ந்து அலையின் வேகத்தை வரையறுக்கும். ஆயினும் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை தடித்த தளத்துக்கு அவ்வேகமும் மணிக்கு முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையிலேயே அமைகின்றது.

வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகும்போதே இடர் விளைகின்றது. வண்டி தோற்றுவிக்கும் அலை முன்னே ஓடித் தப்புவதுமில்லை; பின்னே தங்கி அழிவதுமில்லை. வண்டியோடு கூடவே செல்லும் அவ்வலையின்மீது வண்டி மேலும் மேலும் சத்தியை ஏற்றிக்கொண்டேயிருக்கும். தாம்பாளம் ஆழ்ந்துகொண்டே போய், நிற்கும் வண்டியை எளிதாகத் தாங்கிய தளமே பிளந்துவிடும். வண்டி அலையினும் விரைந்து செல்லுமாயின் இச்சேர்க்கை நிகழ்வதில்லை. அலை உருப்பெறுமுன் வண்டி அவ்விடத்தைக் கடந்துவிடும், வளைவும் குறையும். சப்பானின் ஹொக்கைடோத் தீவிலுள்ள சரோமா ஏரியில் தக்கிசாவா என்பவர் 1980களிற் பனிவண்டி ஒன்றைப் பல்வேறு வேகங்களில் ஓட்டித் தளத்தின் தாழ்வை அளந்தார். குறித்த ஒரு வேகத்திற் தாழ்வு மிகுந்து, அதனைக் கடந்தபின் மீளக் குறைதலை அவர் அளவுகள் காட்டின. நாற்பதுக்கு மேற் செல்ல விரும்புவோன் விலக்கப்பட்ட வேகத்தைக் கடந்தே செல்லல் வேண்டுமன்றோ எனின், உண்மையே. அலை வளர்தற்கும் நேரம் வேண்டும். அதனால் அவ்விடைவேகத்தில் தங்காது விரைந்து கடத்தல் முறை. எழுபது என்னும் மேலெல்லைக்குக் காரணம் வேறு. வழுக்கும் தளத்தில் அதற்கு மேற் செல்லும் வண்டியை வேண்டியபோது நிறுத்துதல் அரிது.

இதனை ஊஞ்சலுக்கும் பாலத்துக்கும் உரிய பரிவு என்னும் நிகழ்ச்சியோடு ஒன்றாக வைத்துக் கூறுவது பலர் வழக்கம். 1831ஆம் ஆண்டில் மான்செஸ்ரருக்கு அணித்தாகிய புறோட்டன் தொங்குபாலம் படைவீரர் அடியொத்து நடந்தபோது இடிந்து வீழ்ந்தது. இலண்டனில் தேம்சு நதியின் குறுக்கே 1873ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட அல்பேட் பாலத்தில், படையினர் யாவரும் அடியொத்து நடத்தலை விட்டுச் செல்க என்னும் பலகை உண்டு. நடைக்கும் விதி கூறும் பலகை அது. ஆனால் பாலம் ஓரிடத்தே நின்று அசைவது, ஊஞ்சலும் அவ்வாறே. அங்கே ஒத்திருக்க வேண்டியது அசைவின் காலம். பனித்தளத்தில் ஒத்திருப்பது செல்லும் வேகம். வண்டி குலுங்காமல் ஒரே சீராகச் சென்றாலும் தளம் உடையும். இவ்வேறுபாட்டை விட்டுவிட்டால் விளக்கம் பிழைபடும்.

இதற்கு நெருங்கிய உவமை கால்வாய்த் தோணியிற் கிடைக்கின்றது. ஸ்கொத்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தை அடுத்த கால்வாய் ஒன்றில் ஹூஸ்ரன் என்பவருக்குரிய தோணியை இழுத்துச் சென்ற குதிரை வெருண்டு பாய்ந்தது. தோணி அலையெழுப்பிக் கரையை உடைக்கும் என எதிர்பார்த்திருக்க, அது தன் அலையின்மீது ஏறிக்கொண்டு முன்னையிலும் எளிதாக ஓடிற்று. இதனை எழுதிவைத்தவர் ஜோன் ஸ்கொத் றசல் என்னும் பொறியியலாளர். தனியலை எனப்படுவதை 1834ஆம் ஆண்டில் எடின்பரோவுக்கு அண்மையில் முதன்முதற் கண்டு, குதிரையேறி அதனைத் துரத்திச் சென்றவரும் அவரே. இதன்பின் கால்வாய்த் தோணிகளை மெல்லவாவது மிக விரைவாகவாவது இழுத்தல் நன்று, இடைவேகமே இழுவை மிக்கது என்பது அறியப்பட்டது. குதிரைக்குப் பௌதிகம் தெரியாது. ஆயினும் அது வெருளாதிருந்தால் அவ்வுண்மை வெளிப்பட இன்னும் நாட்சென்றிருக்கும்.

பனிக்கட்டி வீதியின் வேகம் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட செய்தியாயினமை லெனின்கிராட் முற்றுகையின்போதாகும். 1941ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி ஜேர்மானியப் படை நகரத்தின் நிலவழிகளையெல்லாம் அடைத்துவிட்டது. எஞ்சியது ஐரோப்பாவின் மிகப் பெரிய ஏரியாகிய லடோகா. நவம்பர் 20ஆந் திகதி உணவுப் பங்கீடு மேலும் குறைக்கப்பட்டது. தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் பாண். அலுவலர்க்கும் அவரைச் சார்ந்தோர்க்கும் குழந்தைகளுக்கும் 125 கிராம். அதுவும் முழுமாவாற் செய்யப்பட்டதன்று. ஏரி உறைதலையே நகரம் எதிர்நோக்கியிருந்தது. ஏனைய ஊர்களிற் குளிர் மிகுதலை அஞ்சுவர். அவ்வூரில் அவ்வாண்டு குளிர் போதாதே என்று ஏங்கினர். முதலிற் குதிரைச் சறுக்குவண்டிகள் சென்றன. நவம்பர் 22ஆந் திகதி ஏறத்தாழ அறுபது லொறிகள் ஏரியைக் கடந்து மறுகரையை நோக்கிச் சென்று மாவுடன் திரும்பின. ஒன்றரைத் தொன் சுமக்கும் சிறு லொறிகள் அவை. தளம் மெல்லியதாயிருந்தமையால் லொறியிற் சில மூடைகளை மட்டும் ஏற்றி, எஞ்சியவற்றைப் பின்னே கட்டிய சறுக்குவண்டியில் இட்டு, நிறையைப் பரப்பி இழுத்தனர். பாதை பனிக்கட்டியின்மேல் மட்டும் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். மேலே விமானங்கள், அண்மையிற் பகைவரின் பீரங்கிகள். குத்துக்குளிரிலும் லொறியோட்டிகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சென்றனர்.

குண்டுகள் தைத்த குழிகளில் வீழ்ந்து அமிழ்ந்த லொறிகள் பல. ஆனால் குண்டு வீழாத இடத்திலும் தளம் பிளந்தது. இதில் ஒரு புதிர் இருந்தமையை இரசிய எழுத்தாளர் குறிப்பர். மா மூடைகளை ஏற்றி நகரத்தை நோக்கி வந்த லொறி பாதுகாப்பாகக் கடந்துவிடும். அதே லொறி, நலிந்த மக்களை ஏற்றிக்கொண்டு நிறை குறைந்ததாய்த் திரும்பும்போது அமிழ்ந்துவிடும். பாரத்தைத் தாங்கிய தளம் இலேசானதைத் தாங்காதொழிந்தது ஏன்?

லெனின்கிராட் பௌதிகத் தொழினுட்ப நிறுவனத்தின் பெரும்பகுதி அப்போது கசான் நகருக்குப் பெயர்ந்திருந்தது. நகரத்தில் எஞ்சியிருந்தோருக்குத் தலைமை தாங்கிய பாவெல் கொபெக்கோ இவ்வாராய்ச்சியை ஏற்றார். உடன் உழைத்த ரெய்னோவ் என்பவர், தளத்தின் தாழ்வையும் அசைவையும் தானே தாளிற் பதியும் கருவி ஒன்றை அமைத்தார். அத்தகைய கருவிகள் பாதையோரத்தே பனிக்கட்டியில் நிறுவப்பட்டன. இவற்றை நிறுவியவர்களும் நகரத்தாரின் பங்கீட்டையே உண்டவர்கள் என்பது மறக்கற்பாலதன்று. கருவி வரைந்த கோடுகள் ஏரியின் இயல்பைத் தெளிவாக்கின. நின்ற சுமைக்குத் தளம் எவ்வளவு தாழும், காற்றினாலும் நீர்மட்ட ஏற்றத்தாழ்வினாலும் எவ்வாறு அசையும், ஓடும் லொறியின் பின்னே அலை எவ்வாறு எழும் என்பன யாவும் அவற்றிற் பதிந்திருந்தன. மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வேகமே மிகக் கொடியது எனக் கண்டனர். மா ஏற்றிய லொறி பாரத்தினால் அவ்வேகத்தை எட்டவில்லை, அதனாற் பிழைத்தது. நிறை குறைந்த லொறியை ஓட்டியவனோ பகைவரின் குண்டுக்கு அஞ்சியும், தன் வண்டியில் நடுங்கிக்கொண்டிருந்தோரை விரைவிற் கரைசேர்க்க விரும்பியும் விரைந்தான். அவ்விரைவு அவனை அலையின் வேகத்திலே கொண்டுபோய் நிறுத்தியது. ஒரு லொறி மற்றொன்றை முந்தும்போதும் நெருங்கிச் செல்லும்போதும் இரண்டின் அலைகளும் ஒன்றன்மேலொன்று ஏறித் தளத்தை உடைக்கும் என்பதும் அறியப்பட்டது. எஸ்தோனியப் பாதையின் 250 மீற்றர் இடைவெளியும் முந்தாமை விதியும் கூறும் செய்தி இதுவே.

இவ்வாராய்ச்சியினின்றும் பாதைக்குரிய விதிகள் வகுக்கப்பட்டன. எத்துணைத் தடிப்புக்கு எத்துணைச் சுமை, எவ்வேகம், எத்துணை இடைவெளி என்பன ஊகத்தால் அன்றி அளவினாற் கூறப்பட்டன. பாதையிற் சிறு தூரத்துக்கொருவராக நின்ற போக்குவரத்துக் காவலர் அவற்றை நடைமுறைப்படுத்தினர். அப்பனியில் மணிக்கணக்காக நின்றவர்களுட் பெண்கள் பலர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 24ஆந் திகதி பனி உருகிப் பாதை மூடப்படும்வரை 361,000 தொன் பொருள் அதன் வழியே வந்தது. ஐந்நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதன் வழியே வெளியேறினர். டிசெம்பர் 25ஆந் திகதியே பாண் பங்கீடு சிறிது உயர்த்தப்பட்டது. மக்கள் அப்பாதைக்கு உயிர்ப்பாதை என்று பெயரிட்டனர். அப்பெயர் பெற்ற வழியிலேயே உயிர்துறந்த லொறியோட்டிகளும் பலர். விஞ்ஞான வரலாற்று நூல்கள் அணுவைப் பிளந்தோரைப் பேசுமளவுக்கு இக்கருவிகளைப் பேசுவதில்லை. பாணுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டவர்களுக்கு இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கலாம்.

கனடாவின் வடபால் இதே இயற்கை விதிக்கு வேறொரு வகையில் இணங்கி நடக்கிறார்கள். யெல்லோநைவ் நகருக்குக் கிழக்கே திப்பிற் ஏரியிற் தொடங்கி வடக்கே வைரச் சுரங்கங்களை நோக்கிச் செல்லும் குளிர்கால வீதி 1982ஆம் ஆண்டில் முதன்முதல் அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் அது புதிதாகச் செய்யப்படும். அதன் நீளத்திற் பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேலது. அங்கே செல்வன சிறு வண்டிகளல்ல. பல பத்துத் தொன் நிறையுள்ள பாரவூர்திகள். அத்தகைய வண்டி வழுக்கும் தளத்தில் அலையை முந்திச் செல்ல முயல்வது அறிவன்று. ஆகவே பாரமேற்றியவற்றுக்கு மணிக்கு 25 கிலோமீற்றரே மேலெல்லை. பகலும் இரவும் அதே வேகத்தில் ஊர்ந்து செல்லல் வேண்டும். கரையை அணுகும்போது இன்னும் மெதுவாகச் செல்வர். அங்கே நீரின் ஆழம் குறைதலின் அலையின் வேகமும் குறைந்து வண்டியின் வேகத்தை ஒக்கும். கரையில் மோதிய அலை மீண்டு வந்து புதிய அலையோடு கூடவும் கூடும். வீதியைக் கரைக்கு நேரே கொண்டு செல்லாது சாய்வாகக் கொண்டு சென்று ஏற்றுவது இது கருதியே.

இவ்விடைவேகத் தொல்லை பனிக்கட்டிக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் நாட்டில் கோதன்பேர்க் நகருக்குத் தெற்கே லெட்ஸ்கோட் என்னுமிடத்தில், சேற்றுக் களிமண்மீது அமைந்த புதிய இருப்புப்பாதையில் விரைவுத் தொடர்வண்டி சென்றபோது நிலமே அலைபோல எழுந்து தாழ்ந்தது 1997ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. மென்களிமண்ணில் அலை செல்லும் வேகத்தை வண்டி எட்டிப் பிடித்தமையே காரணம். வேகத்தைக் குறைத்து, பின்னர்ச் சுண்ணாம்பும் சீமெந்தும் கலந்த தூண்களை நிலத்துள் இறக்கி அதனை விறைப்பாக்கினர். கப்பல்களின் பெரிய டீசல் எந்திரங்களிலும் சுழற்சியளவு காட்டும் முகத்தில் ஒரு பகுதி செந்நிறமாக விலக்கப்பட்டிருக்கும். அதனிற் கீழும் ஓடலாம், மேலும் ஓடலாம், இடையிலே தங்கலாகாது. அங்கே தண்டின் முறுக்கசைவு காரணம். வெளித்தோற்றத்தில் விதி ஒன்றே.

கனடாவில் இவ்வாபத்தையே கருவியாக்கியுமுள்ளனர். 1970களில் அந்நாட்டுக் கரையோரக் காவற்படையினர் காற்று மெத்தை ஊர்தியை மொன்றியால் நகர்ப்புறத்து உறைந்த நீரிற் செலுத்திப் பார்த்தபோது, ஒரு குறித்த வேகத்தில் அதன் பின்னே எழும் அலை தளத்தை நெடுந்தூரம் பிளந்து செல்லக் கண்டனர். அவ்வூர்தி காற்றின்மேல் மிதப்பதாதலின் உடைந்த தளம் அதற்குத் தீங்கு செய்வதில்லை. சென் லோறன்ஸ் நதியிற் கலக்கும் சிற்றாறுகளிற் பனிப்பாளங்கள் அடைத்துக்கொண்டால் நீர் கரைபுரண்டு ஊர்களுட் புகும். பெரிய பனியுடைக் கப்பல்கள் செல்ல இயலாத ஆழமற்ற அவ்விடங்களில், வீதியில் விலக்கப்பட்ட அதே வேகத்தைத் தேடிப் பிடித்து இவ்வூர்திகளைச் செலுத்திப் பனியை உடைக்கின்றனர்.